பனைமரத்துத் தேமல்

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த வளவுக்குள் நுழைந்தாலும் தென்னையிலோ பனையிலோ அது இருக்கும். சாம்பலும் வெள்ளையும் கலந்த வட்டம். விரல்நகத்தின் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ சுண்ணாம்புத் தண்ணி தெறித்ததுபோல. கிட்டப் போனால் மரத்துக்குத் தேமல் விழுந்ததுபோல. ஐப்பசி மழை விழுந்ததும் அந்தச் சாம்பல் சில நிமிடத்தில் பச்சையாகும். வெயில் ஏறினால் மறுபடி சாம்பல்.

இலங்கைப் பாடப்புத்தகங்கள் இதை இலைக்கன் என்கின்றன. தமிழ்நாட்டில் லைக்கன் என்றும் பாசிக்காளான் என்றும் எழுதுகிறார்கள். ஊரில் 'பாசி' என்ற ஒரே சொல்தான். குளத்துப் பாசியும் பாசி, மரத்துத் தேமலும் பாசி. மரத்தில் இருப்பது தனிப் பாசி அல்ல. ஒரு பங்கசும் (பூஞ்சை) ஓர் அல்காவும் (பாசி) சேர்ந்து ஒரே உடலாக வாழ்கின்றன. பங்கசு வீடு கட்டுகிறது, அல்கா அதற்குள் இருந்து சமைக்கிறது. இதை 1860-களின் கடைசியில் சுவிற்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டெனர் சொன்னபோது அன்றைய இலைக்கன் அறிஞர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று அதில் சண்டை இல்லை.

வன்னியின் தென்னை, பனைகளில் காணும் இலை வடிவ இலைக்கன்களில் அடிக்கடி கண்ணில் படுவது டிரினேரியா என்ற சாதி, அதாவது நெருங்கிய இனங்கள் பல சேர்ந்த கூட்டம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பார்க்கச் சாதாரணம், பெயர் வைக்கத்தான் கஷ்டம். நிறத்தை நம்பி இதற்குப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் பிழை விடுவார்கள். மேலே தெரிவதைவிட அடியில் இல்லாததுதான் இந்தச் சாதியைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் தென்னைக்காரருக்கு ஒரு சொல்

இது நோயல்ல. மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறும் இது உறிஞ்சுவதில்லை. வேர் இல்லை, பட்டையைத் துளைத்து உயிருள்ள இழையத்துக்குள் போவதும் இல்லை. பட்டை இதற்கு வெறும் சுவர். அதனால்தான் பழைய மதிலிலும் கல்லிலும் இதே சாதியைக் காணலாம். மரம் காய்ப்பது குறைந்தால் காரணத்தை வேறெங்காவது தேடவேண்டும்: உரம், தண்ணி, குருத்து வண்டு. தண்டில் செங்கபில நிறத்தில் சாறு வடிந்து காய்ந்து கறுத்திருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய அடையாளம். அது சாறு வடிதல் நோய். வரண்ட சாம்பல் வட்டம் அப்படியல்ல.

கத்தியால் சுரண்டி எடுப்பதும் மண்ணெண்ணெய் பூசுவதும் வீண் வேலை. சுரண்டினால் பட்டையில் காயம் வரும். சாறு வடிதல் நோயின் பங்கசு நுழைவதும், சிவப்புக் கூன்வண்டு மணம் பிடித்து வந்து முட்டையிடுவதும் அந்தக் காயத்தில்தான். தேமலைத் துரத்தப் போய் மரத்தை விற்ற கதையாகிவிடும்.

கடையில் கிடைக்கும் கறிச்சரக்குக் கல்பாசியும் இலைக்கன்தான். ஆனால் அது பார்மொற்றீமா என்ற வேறு சாதி, வேறு குடும்பம். மலைப்பாங்கான இடங்களில் திரட்டப்படுவது. தென்னையில் இருப்பதைச் சுரண்டிக் கறிக்குள் போடவேண்டாம்.

பெயர் வந்த வழி

இலைக்கனுக்கு வைக்கும் விஞ்ஞானப் பெயர் அதிலுள்ள பங்கசின் பெயர்தான். பெயரிடல் விதி அப்படி. உள்ளே இருக்கும் அல்காவுக்குத் தனிப் பெயர் உண்டு. டிரினேரியாவுக்குள் இருப்பது ட்ரெபூக்சியா வகையைச் சேர்ந்த ஒற்றைக் கலப் பச்சை அல்கா. ஆகவே பாகுபாடு என்று நாம் பேசுவதெல்லாம் பங்கசின் பாகுபாடு: பங்கசு இராச்சியம், அஸ்கோமைக்கோட்டா கணம், லெக்கனோரோமைசீற்றெஸ் வகுப்பு, கலிசியேல்ஸ் வருணம், கலிசியேசியே குடும்பம், டிரினேரியா சாதி.

இந்த இடத்துக்கு அது சுத்திச் சுத்தித்தான் வந்து சேர்ந்தது. சுவீடன் நாட்டு ஓலோஃப் சுவார்ட்ஸ் 1780-களில் மேற்கிந்தியத் தீவுகளில் சேகரித்த செடிகொடிகளோடு இலைக்கன்களும் கொண்டுபோனார். 1788-இல் வந்த அவருடைய நூலில் 'லைக்கன் பிக்டஸ்' என்று ஒன்று இருக்கிறது. பிக்டஸ் என்றால் இலத்தீனில் வர்ணம் பூசியது. சுண்ணாம்பு தெறித்தது என்று நாம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா இலைக்கனுக்கும் 'லைக்கன்' என்று ஒரே சாதிப் பெயர். ஊரில் எல்லாம் பாசி என்பதுபோல. அதை உடைத்துப் பல சாதிகளாகப் பிரித்தவர் அவருடைய நாட்டவரே ஆன எறிக் அக்காரியஸ்.

பிறகு அமெரிக்கரான எட்வேர்ட் டக்கர்மன் இந்தக் கூட்டத்தை பிக்சினே என்ற சாதிக்குள் ஒரு பிரிவாக வைத்தார். 1909-இல் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் அந்தப் பிரிவைத் தனிச் சாதியாக உயர்த்தினார். இன்று நாம் டிரினேரியா பிக்டா என்று எழுதும் இனம் சுவார்ட்ஸ் கண்ட அதே பிக்டஸ். டிரினா என்பது மேலோடுபோல ஒட்டி வளரும் இன்னொரு இலைக்கன் சாதி. அதன் சாயலில் வைத்த பெயர்தான் டிரினேரியா. உறவு ஒன்றும் இல்லை. உலகம் முழுவதுமுள்ள இனங்களை ஒன்றாக வைத்து முதலில் ஒழுங்காகப் பிரித்தவர் லக்னோவைச் சேர்ந்த டி. டி. அவஸ்தி. அவருடைய தனிநூல் 1975-இல் வந்தது. அப்ளனேற்றா, கொன்ஃபுளுவென்ஸ், கொன்சிமிலிஸ் ஆகிய இனப் பெயர்களின் பின்னால் அவர் பெயர் நிற்பது அதனால்தான்.

குடும்பம் மாறிய கதை இதைவிடச் சுவாரசியம். நெடுநாள் இது பிஸ்சியேசியே குடும்பத்தில் இருந்தது. வெளித்தோற்றம் பார்த்தால் அது நியாயமாகத்தான் படும்: சாம்பல் நிறம், விளிம்பில் இலைபோலப் பிரியும் ஒடுங்கிய மடல், இரண்டு கலமுள்ள கபில வித்தி. மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது அந்தப் பழைய குடும்பத்துக்குள் இரண்டு கிளைகள் தெரிந்தன. ஒன்றில் பிஸ்சியாவும் ஹெற்றெரோடெர்மியாவும். மற்றதில் புவெல்லியா என்ற மேலோட்டு இலைக்கனோடும் ஊசிமுனை போன்ற கலிசியத்தோடும் டிரினேரியாவும் பிக்சினேயும். இலைபோல வளர்வது ஒரே வீட்டின் பரம்பரைச் சொத்து அல்ல, பலமுறை தனித்தனியே வந்த பழக்கம் என்பது அதிலிருந்து விளங்கியது. வித்திகளை உள்ளே வைத்திருக்கும் பையான அஸ்கசின் நுனி அமைப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை முன்பே குறித்திருந்தார்கள். நம்பிக் குடும்பத்தைப் பிரிக்கத்தான் நாள் எடுத்தது.

இலங்கை இலைக்கன்களைப் பற்றிய பழைய பட்டியல்களில் முக்கியமானது 1870-இல் வெளியான லெய்ற்றனின் கட்டுரை. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெய்ற்ஸ் சேகரித்து அனுப்பியவற்றை வைத்து எழுதியது.

மேலிருந்து கீழே

ஒரு மடலை நிலைக்குத்தாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் நான்கு படை தெரியும். மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் கால் பங்கு அளவுதான். அந்தக் கால் மில்லிமீற்றருக்குள் ஒரு முழு வீடு.

கூரை மேற்பட்டை. பங்கசின் இழைகள் இங்கே குறுகிக் கட்டையாகி ஒன்றோடொன்று நெருங்கி, செங்கல் அடுக்கியதுபோலக் கலங்களாகத் தெரியும். ஆனால் இவை உண்மையான தாவர இழையம் அல்ல, இறுகிய இழைகள். இதில் அற்றனோரின் என்ற நிறமற்ற பொருள் படிந்திருக்கும். உலர்ந்த டிரினேரியாவின் சாம்பல் வெள்ளைக்கு இதுவும், இழைகளுக்கிடையில் சிக்கிய காற்றும் காரணம். மழை பட்டதும் பச்சையாவது வேறு மாயமில்லை: காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்து மேற்பட்டை கண்ணாடிபோல ஊடுதெளிவாகிறது, கீழே இருக்கும் அல்கா தெரிகிறது.

கைவில்லையில் மடல் நுனிகளைப் பார்த்தால் வெள்ளையான சிறு புள்ளிகளும் கோடுகளும், சில இடங்களில் வலைபோலச் சேர்ந்து, தெரியும். மேற்பட்டை அங்கே விலகி உட்படை வெளியே எட்டிப் பார்க்கிறது. காற்றுப் போய்வரும் வாசல். இதைப் பொடி என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. துடைத்தால் போவது பொடி, போகாதது வாசல்.

கூரைக்குக் கீழே அல்காப் படை. பச்சை உருண்டைகள், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து மைக்கிரோமீற்றர் குறுக்களவு. பங்கசு இழைகள் அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும். அல்கா ஒளித்தொகுப்பில் செய்யும் வெல்ல மதுசாரத்தை பங்கசு எடுத்துக்கொள்கிறது. அதற்கும் கீழே மையவிழையம்: பஞ்சுபோலத் தளர்ந்த வெள்ளை இழைகள், இடையிடையே காற்று. வீட்டின் பெரும்பகுதி இதுதான். டிரினேரியாவின் பெரும்பாலான இனங்களில் இந்தப் பஞ்சுக்குள் டைவரிக்கற்றிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் அதற்குப் பதில் செக்கிக்கயிக் அமிலம். இனம் பிரிக்க இந்த இரண்டும் தேவைப்படும்.

கடைசியில் கீழ்ப்பட்டை. இங்கே இழைகள் செங்கல்போல இல்லாமல் நீளவாக்கில் ஓடி இறுகியிருக்கும். நிறம் கறுப்பு; மடல் நுனிகளில் மட்டும் வெளிறியிருக்கலாம். பிஸ்சியா, பிக்சினே, பார்மொற்றீமா எல்லாவற்றிலும் கீழ்ப்பட்டையிலிருந்து மயிர்போன்ற வேர்ப்போலிகள் இறங்கி மரத்தைப் பிடிக்கும். டிரினேரியாவில் அவை இல்லை. கீழ்ப்பட்டை முழுவதுமே மரப்பட்டையோடு பசைபோட்டதுபோல ஒட்டியிருக்கும். சில இடங்களில் கட்டையான பிடிகள் மட்டும் இருக்கலாம். இந்த 'இல்லை'தான் சாதியின் கையெழுத்து. இலைக்கும் மேலோட்டுக்கும் நடுவில் நிற்கும் உடல் இது. மடல் இருக்கிறது, கீழ்ப்பட்டை இருக்கிறது, ஆனால் கிளப்ப முடியாது.

வரண்ட நாட்டில் இந்த ஒட்டல் ஒரு வசதி. மழையும் பனியும் பட்டையில் வழியும்போது ஒட்டிக்கிடப்பவன் முதலில் குடிக்கிறான். வைகாசி தொடங்கிச் சோழகக் காற்று அடித்துக் காயும் மாதங்களில் இது இறந்ததுபோலக் கிடக்கும். பச்சை அல்கா உள்ள இலைக்கன்களுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. விடியற்காலையில் காற்றில் ஈரம் ஏறினாலே விழித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை ஒளித்தொகுப்பு செய்யும். நீலப்பச்சை நுண்ணுயிரை வைத்திருக்கும் இலைக்கன்களால் அது முடியாது, அவற்றுக்கு உண்மையான தண்ணீர் வேண்டும். தை, மாசிப் பனி டிரினேரியாவுக்கு நல்ல காலம்.

கத்தி வைக்கும் முறை

உலர்ந்ததில் கை வைக்கவேண்டாம். உலர்ந்த மடல் அப்பளம்போல நொறுங்கும். ஒரு தெளிப்புப் போத்தலில் மழைத்தண்ணியோ கிணற்றுத் தண்ணியோ எடுத்து விளிம்பில் தெளித்து, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மடல் தோல்போல இளகும். சவரப் பிளேட்டை இரண்டாக உடைத்து அதன் முனையை மடல் நுனியின் கீழே மெல்லச் செலுத்துங்கள். நடுப்பகுதியில் தொடங்கினால் ஒன்றும் தெரியாது. மடல் தூக்குப்பட்டு, அடியில் கறுப்பு மயிர்கள் தெரிந்தால் அது டிரினேரியா அல்ல. பிளேட் வழுக்கி, மடல் துண்டு துண்டாக மரப்பட்டைத் துகளோடு வந்து, அடி கறுப்பாக மொட்டையாக இருந்தால் டிரினேரியா என்று எண்ணலாம். மடலே இல்லாமல் வெறும் தோலாக ஒட்டியிருந்தால் அது மேலோட்டு வகை, வேறு கணக்கு.

மடல் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். டிரினேரியாவில் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரிலிருந்து மூன்று வரை. ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் விளிம்பு தூக்கி, கோழிக்கொண்டைபோல நெளிந்திருந்தால் பார்மொற்றீமாவைத் தேடுங்கள். மாமரத்திலும் பலாவிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

கிரவல் ஒழுங்கைகளை அண்டிய மரங்களில் எல்லா இலைக்கனும் செம்மண் நிறமாகத்தான் இருக்கும். அங்கே நிறம் எழுதினால் அது தூசியின் நிறம். தூரிகையால் கழுவிவிட்டுப் பாருங்கள்.

பிக்சினேயோடு வரும் குழப்பம்

பிழைகளில் பெரும்பங்கு இதில்தான். பிக்சினே கோக்கோயஸ் என்ற இனத்துக்குத் தென்னையின் பெயரே வைத்திருக்கிறது. அதையும் சுவார்ட்ஸ்தான் முதலில் பெயரிட்டார். அதே சாம்பல் நிறம், அதே மடல் அகலம், அதே மரம். அடியும் கறுப்பு. ஆனால் வேர்ப்போலி உண்டு.

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கடந்த கதிர் ரோச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 365 நனோமீற்றர் என்று போட்டது நல்லது. இருட்டிய பிறகு தென்னையில் அடித்தால் பிக்சினே கோக்கோயஸ் எலுமிச்சை மஞ்சளாக ஒளிரும். அதன் மேற்பட்டையில் லிக்செக்ஸாந்தோன் என்ற பொருள் இருப்பதால் அப்படி. டிரினேரியாவின் மேற்பட்டை அந்த மஞ்சளைக் காட்டாது. ஒரே தண்டில் இரண்டும் இருந்தால் அந்தக் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இதை ஒருபக்கச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் ஒளிர்ந்தால் டிரினேரியா இல்லை. ஒளிராவிட்டால் டிரினேரியா என்று சொல்ல முடியாது. லிக்செக்ஸாந்தோன் இல்லாத பிக்சினே இனங்களும் உண்டு, பிஸ்சியாவும் உண்டு. ஒதுக்குவதற்கான ரோச், தெரிவுசெய்வதற்கானது அல்ல. மலிவான ஊதா ரோச்சுகளின் ஊதா வெளிச்சமே வெள்ளை மடலில் பட்டுத் தெறித்து ஒளிர்வதுபோலக் காட்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை வைத்து ஒப்பிட்டால் அந்த ஏமாற்று தெரியும்.

வித்திகள் உண்டாகும் சிறு கிண்ணம், அதாவது வித்திக்கிண்ணம், இருந்தால் இன்னொரு வழி. இரண்டிலும் கிண்ணத்தின் முகம் கறுப்பு. டிரினேரியாவில் அந்தக் கறுப்பைச் சுற்றி உடலின் நிறத்திலேயே சாம்பல் விளிம்பு நிற்கும், ஏனென்றால் விளிம்புக்குள்ளும் அல்கா இருக்கிறது. பிக்சினேயில் விளிம்பு விரைவில் கறுத்துப்போகும். கிண்ணத்தை மெல்லிசாகச் சீவி ஒரு துளி பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டால் பிக்சினேயின் மேற்படை ஊதாவாகும். டிரினேரியாவில் கபிலம் கபிலமாகவே இருக்கும்.

இரசாயனத் துளி

பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்பதே போதும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 10 கிராமை 90 மில்லிலீற்றர் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீருக்குள் வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும்; கரையும்போது சூடேறும், தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணாடி மூடியுள்ள போத்தலில் வைத்தால் மூடி இறுகிப் பிடித்துவிடும். கழுவிய பிளாஸ்ரிக் கண்மருந்துப் போத்தல் நல்லது. திறந்து வைத்தால் காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பலமிழக்கும். இரண்டாவது துளிக்கு வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவம், தண்ணீர் கலக்காமல். இது கெட்டுப்போவதில் மற்றதைவிட வேகம். மணம் குறைந்தால் தூக்கி எறியுங்கள்.

முதலில் மேற்பட்டையில் பொற்றாசியத் துளி. மஞ்சளாகும். அது அற்றனோரின். பிறகு வேறொரு மடலில் பிளேட்டால் மேற்பட்டையையும் பச்சைப் படையையும் சுரண்டி வெள்ளைப் பஞ்சைத் திறந்து, அங்கே ஒரு துளி. டிரினேரியாவில் நிறம் மாறாது. குளோரினுக்கும் மாறாது.

இங்கே பிழை வருவது துளியின் அளவால். போத்தலால் நேராகச் சொட்டினால் திரவம் பரவி, மேற்பட்டையின் மஞ்சள் பஞ்சுக்குள் வழிந்து, 'மையவிழையம் மஞ்சளாகிறது' என்ற பொய்ப் பதிவு பிறக்கும். ஈர்க்கில் முனையைச் சீவி அதில் தொட்டு வையுங்கள், கைவில்லைக்குக் கீழே பார்த்துக்கொண்டே. நனைந்த மடலில் சோதிக்கக்கூடாது, துளி ஐதாகும். குளோரின் திரவம் உயிரோடிருக்கிறதா என்று அறிய, சிவப்புக் காட்டும் ஓர் இலைக்கனைக் கையில் வைத்திருக்கவேண்டும். கரையோர மரங்களில் நாடாபோலத் தொங்கும் ரொக்செல்லா மொன்ராக்னி கிடைத்தால் அதன் சிறு துண்டு போதும், தொட்டதும் சிவக்கும். ஒருகாலத்தில் இலங்கைக் கரையோரத்திலிருந்து சாயத்துக்காகக் கப்பலேறிய சரக்கு அது. சிவக்கவில்லை என்றால் குற்றம் திரவத்தில்.

டைவரிக்கற்றிக்கா செக்கிக்கயிக்கா என்று துளியால் சொல்ல முடியாது. அதற்குப் பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் மென்படை நிறப்பகுப்பியல் என்ற ஆய்வுகூட முறை வேண்டும். அது இல்லாத இடத்தில் இனப் பெயருக்குப் பதில் சாதிப் பெயரோடு நிறுத்துவது மானக்கேடு அல்ல.

இனங்கள்

இது எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தால் இனம் பாதி பிரிந்துவிடும். மடலின் மேலே மாவு உருண்டைகள் இருக்கின்றனவா? அது சொரீடியா: சில அல்காக் கலங்களும் அவற்றைச் சுற்றிய இழைகளும் சேர்ந்த பொட்டலம், காற்றிலும் மழைத்துளியிலும் எறும்புக் காலிலும் போகும். பங்கசும் அல்காவும் சேர்ந்தே போவதால் போன இடத்தில் கூட்டாளி தேடத் தேவையில்லை. வித்திக்கிண்ணத்திலிருந்து போகும் வித்தி அப்படியல்ல. அஸ்கசுக்கு எட்டு, இரண்டு கலம், நடுவில் தடித்த சுவர், கபில நிறம். பங்கசு மட்டும் தனியே போகிறது, விழுந்த இடத்தில் அல்காவைக் கண்டுபிடித்தால்தான் வாழ்வு.

மாவு உருண்டை மேற்பரப்பில் குமிழ்போலக் குவிந்து, மடல்கள் ஒடுங்கித் தட்டையாக அல்லது சற்றுக் குவிந்து தனித்தனியே தெரிந்தால் டிரினேரியா பிக்டா. மாவு உருண்டை அரைக்கோளமாக இருந்து, மடல்கள் நுனியில் விசிறிபோல விரிந்து, நடுவில் ஒன்றோடொன்று இணைந்து மடிப்பு மடிப்பாக இருந்தால் டிரினேரியா அப்ளனேற்றா. எழுத இலகு. தென்னையில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை நிறைய. நடுவயது உடலின் விளிம்பையும் மையத்தையும் இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். இதே தோற்றத்தில் செக்கிக்கயிக் அமிலம் இருந்தால் கொன்சிமிலிஸ். அதைக் கண்ணால் பிரிக்க வழியில்லை.

மாவுக்குப் பதில் பருக்கள்போல எழும்பி, உச்சி உடைந்து கரகரப்பாக உதிர்ந்தால் ஏஜியலிற்றா. கிரேக்கத்தில் கடற்கரை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். மாவும் இல்லை, பருவும் இல்லை, கறுத்த கிண்ணங்கள் மட்டும் நிறைய இருந்தால் கொன்ஃபுளுவென்ஸ்.

இளம் உடல்களை விட்டுவிடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் வட்டத்தில் மாவு இன்னும் வந்திருக்காது. அதைக் கொன்ஃபுளுவென்ஸ் என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. நத்தை மேய்ந்த இடமும் வெள்ளைப் பஞ்சு தெரிந்து மாவுபோல ஏமாற்றும். நத்தையின் தடம் வரிவரியாக ஓடும், மாவு உருண்டையாக நிற்கும். இலைக்கன்மேல் வாழும் வேறு பங்கசுகளின் கறுப்புப் புள்ளியை வித்திக்கிண்ணமாக எண்ணுவதும் உண்டு. விளிம்பு இல்லாத கறுப்புப் புள்ளியைக் கிண்ணம் என்று எழுதமுன் வெட்டிப் பார்க்கவேண்டும்.

வெட்டுவது எப்படி

ஒட்டிய உடலைத் தனியே வெட்ட முடியாது, பட்டைச் சீவலோடு சேர்த்துத்தான். நனைத்த துண்டை மரவள்ளித் தடியின் நடுச்சோற்றைப் பிளந்து அதற்குள் செருகி, புதுப் பிளேட்டால் உங்கள் பக்கமாக இழுத்துச் சீவுங்கள். இருபது சீவினால் இரண்டு தேறும். பனம்பட்டையில் மணல் ஏறியிருந்தால் பிளேட் முனை உடனே மழுங்கி, அல்காப் படை பிய்ந்து போகும். அதனால் வெட்டுக்குத் தென்னை அல்லது முள்முருக்கில் எடுத்தது நல்லது. தண்ணீரில் ஏற்றிப் பாருங்கள். காற்றுக்குமிழி மையவிழையத்தைக் கறுப்பாகக் காட்டினால், மதுசாரத்தில் ஒருமுறை தோய்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் ஏற்றுங்கள். அயடீன் விட்டால் வித்திப்படை நீலமாகும்.

எங்கே தேடுவது, எப்படி எடுப்பது

சாய்ந்த தென்னையின் மேற்பக்கம். மழைத்தண்ணீர் வழிவது அங்கேதான், கீழ்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். பனையில் ஓலைத் தழும்பு தேய்ந்த நடுப்பகுதி. குளக்கட்டு மருதமரங்கள் நிழலுக்கு நல்லவை, இலைக்கனுக்கு அல்ல. பட்டை தகடு தகடாக உரிந்து விழும், ஒட்டியதும் கூடவே விழும். வேம்பு, மா, வேலி முள்முருக்கு எல்லாம் பார்க்கத் தகுந்தவை. காட்டுக்குள் வீரையும் பாலையும் பார்க்கலாம். ஆனால் ஒதுக்கக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் எந்த மரத்துக்காகவும் பாதையை விட்டு இறங்கவேண்டாம். வெடி அகற்றாத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது.

விழுந்த மட்டை, முறிந்த கிளை, தறித்த குற்றி கிடைத்தால் நிற்கும் மரத்தில் கத்தி வைக்கத் தேவையே இல்லை. எடுத்ததைக் கடதாசி உறையில் போடுங்கள். பொலித்தீனில் போட்டால் வேர்த்து, இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துக் கபிலமாகும். பிறகு அதை எந்தத் துளியாலும் மீட்க முடியாது. நிழலில் உலர்த்தி, நூற்பூச்சி வராமல் பிரிட்ஜின் உறைபெட்டியில் சில நாள் வைத்து எடுங்கள். உறையின் மேலே திகதி, இடம், மரம், நிலத்திலிருந்து உயரம், எந்தத் திசைப் பக்கம், அடியில் வேர்ப்போலி உண்டா இல்லையா. கடைசியாகச் சொன்னதை மரத்தடியிலேயே எழுதவேண்டும். வீட்டில் உலர்ந்த துண்டில் அது தெரியாது.

வயது கேட்பவர்கள் உண்டு. இலை வடிவ இலைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் வளரும், ஒட்டி வளர்பவை அதிலும் மெல்ல. வேறு நாட்டு வேகத்தை எடுத்து இங்கே கணக்குப் போடக்கூடாது. ஆனால் வன்னியில் கணக்கைத் தொடங்க ஒரு வசதி இருக்கிறது. 2009-க்குப் பிறகு மீளக் குடியேறியவர்கள் நட்ட தென்னைகளுக்கு நட்ட ஆண்டு தெரியும். அவற்றில் இருக்கும் டிரினேரியா அதற்குமேல் வயதாக இருக்க முடியாது. ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் தாளை உடலின்மேல் வைத்து அழியாத பேனையால் விளிம்பை வரைந்து, மரத்தில் இரண்டு நிலையான புள்ளிகளையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாரி முடிந்ததும், உடல் நன்றாக உலர்ந்த ஒரு நாளில், அதே தாளை அதே புள்ளிகளில் வைத்து மறுபடி வரையுங்கள். நனைந்த உடல் சற்று விரியும். ஒருமுறை உலர்ந்ததையும் மறுமுறை நனைந்ததையும் வரைந்தால் அளப்பது வளர்ச்சியை அல்ல, மழையை.